எஃப் இல்லாதது

இருபத்தெட்டாயிரம்.
ஏலச்சீட்டில் நாலாயிரம் தள்ளி எடுத்தது.
கடலூரிலிருந்து பாண்டி போகும் தனியார் பஸ்ஸில்
கைப்பையை வயிற்றோடு அணைத்தபடி
கிருமாம்பாக்கம் வரைக்கும் ஒரு கணக்கு,
தவளக்குப்பம் தாண்டியதும் வேறு கணக்கு.
போர்டு, ராம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை, கேபினெட்.
மானிட்டர் பழசே போதும்.
எப்படிக் கழித்தாலும்
பிராசஸருக்கு மிஞ்சுவது எட்டாயிரத்துச் சொச்சம்.

காமராஜர் சாலையில் மாடிக் கடை.
ஜக்கரியா இரண்டு டப்பாக்களை மேசையில் வைத்தார்.
ரெண்டும் ஐ த்ரீ. நாலு கோர். ஒரே நீலம்.
"இது ஏழாயிரத்து நானூறு.
இது பத்தாயிரத்து இருநூறு."
என்ன வித்தியாசம் என்றேன்.
நம்பருக்குப் பின்னால் நகத்தை வைத்துக் காட்டினார்:
எஃப்.
"எஃப் இருந்தா உள்ள கிராபிக்ஸ் கிடையாது மேடம்.
கார்டு தனியா போடணும்.
போடலேன்னா மெஷின் ஓடும்,
திரையில ஒண்ணும் வராது."

ஓர் எழுத்துக்கு இரண்டாயிரத்து எண்ணூறு.
அநியாயம் என்று சொல்ல எனக்கு வாயில்லை.
நான் ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் செய்கிறவள்.
போன தையில், மஞ்சக்குப்பத்தில் ஒரு பிறந்தநாளுக்கு,
வட்டச் செயலாளர் என்று வர வேண்டிய இடத்தில்
ட மேல் ஒரு கொக்கி விழுந்து
வட்டிச் செயலாளர் ஆகிவிட்டார்.
இருபதுக்குப் பத்து.
விளக்கு போட்டு நிறுத்திய பிறகுதான் பார்த்தார்கள்.
அவர் வட்டிக்கு விடுவது ஊருக்கே தெரியும்,
அதனால்தான் சிரிப்பு அடங்கவில்லை.
மறு பிரிண்ட் என் செலவு.
கிட்டத்தட்ட இதே தொகை.

"ரைசன் ஒண்ணு இருக்கு," என்றார்.
"ஆறு கோர். படமும் வரும்.
அதைவிட ஆயிரம் கூட."
கொஞ்சம் பொறுத்து, மனசாட்சி உறுத்தியவர் போல,
"ஆனா அந்த சாக்கெட்டு அதோட முடிஞ்சுது.
புது சாக்கெட் போர்டா எடுத்தீங்கன்னா
காசு கூடத்தான், ஆனா நாளைக்குப்
பெருசா மாத்திக்கலாம்."

நாளைக்கு.
எங்கள் மொட்டை மாடியில்
நாலு மூலையிலும் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது.
மேல்தளம் எழுப்பும்போது ஆகும் என்று
கோதண்டம் வெட்ட விடவில்லை.
பதினோரு வருஷ உப்புக்காற்று.
விரல் பட்டால் வறுக்கி மாதிரி உதிர்கிறது.
அதில்தான் துணி காயப்போடக் கயிறு கட்டுகிறோம்.

"முடிஞ்சுபோன சாக்கெட்டையே குடுங்க," என்றேன்.
"ராமைப் பாதியாக்காதீங்க.
கேபினெட் வேணாம், பழைய டப்பாவுல மாட்டிக்கிறேன்."
அப்படியும் ஆயிரத்து நூறு இடித்தது.
கோதண்டத்துக்குப் போன் போட்டேன்.
சிப்காட்டில் பகல் ஷிப்ட்,
பின்னால் பாய்லர் இரைச்சல்.
எதற்கு என்று கேட்கவில்லை.
எவ்வளவு என்று மட்டும் கேட்டான்.

இரவு, ஃபேனை நிறுத்திவிட்டு, தரையில் செய்தித்தாள் விரித்து,
மூலையில் இருந்த பொடி முக்கோணத்தை
சாக்கெட்டின் முக்கோணத்துக்கு நேராக வைத்துக்
கையை எடுத்தேன்.
தானாக உட்கார்ந்தது.
அழுத்தக் கூடாது என்று ஜக்கரியா
மூன்று தடவை சொல்லியிருந்தார்.

முதலில் திறந்த ஃபைல்
சோனங்குப்பத்துக் கண்ணீர் அஞ்சலி.
முப்பத்து நாலு வயது. பதினைந்து அடி உயரம்.
பழைய மெஷினில் முகம் மெதுவாகத்தான் இறங்கும்.
நெற்றி, புருவம்,
அங்கேயே கொஞ்ச நேரம் நிற்கும்.
அடுப்பில் டீக்கு வைத்துவிட்டுத் திரும்பினால்
மீசையும் சட்டைக் காலரும் வந்திருக்கும்.
அதற்குள் ஒரு மாதிரி பழகியிருப்போம்.

இப்போது க்ளிக் செய்தேன்.
கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு
முழு ஆளும்
ஒரே நொடியில்.

நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.
பிறகு அவர் பெயரை
ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் பார்த்தேன்.
கொக்கி எதுவும் கூட இல்லை.