கட்டம் ஏழு: பிள்ளைகள்

அன்ஷான் நகரம், நோட்டரி அலுவலகம், மூன்றாம் ஜன்னல்.
செத்தவர்களுக்கு யார் யார் மிச்சம் என்று
எழுதிக்கொள்வது என் வேலை.

நான் சேர்ந்த புதிதில்
ஒரு சாவுக்கு ஆறு பேர், ஏழு பேர் வந்து நிற்பார்கள்.
மூத்தவன் இளையவனை முறைப்பான்.
நடுவில் பிறந்தவள் மூக்கைச் சிந்திக்கொண்டே
வீட்டை மனதுக்குள் அளந்து பிரிப்பாள்.
இப்போது ஒருவர் வருகிறார்.
ஒரு நாற்காலி போதும்.
சண்டை இல்லை.
சண்டை போட ஆள் இல்லை.

எதிர்ச் சுவரில் வாசகத்தை மாற்றிவிட்டார்கள்.
'ஒன்றே நன்று' என்றிருந்த இடத்தில்
மூன்று குழந்தைகள் பலூனோடு ஓடுகின்றன.
மழை பெய்து சுவர் ஊறினால்
பலூன்களுக்கு அடியில் பழைய எழுத்து லேசாகத் தெரியும்.

என் மகள் இரண்டாம் வகுப்பு.
பாடத்தில் உறவுப் பெயர்கள்:
பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி.
டைனோசர் பெயர்களைப் போல
எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டாள்,
"இவங்கல்லாம் எங்க இருந்தாங்க?"
நான் ஒற்றை. அவள் அப்பாவும் ஒற்றை.
எங்களுக்கு மேலே நான்கு பேர்,
நான்கு பேருக்கும் ரத்த அழுத்தம்.

நேற்று லுவான் ஜின்பெங் வந்தான்.
தாலியனில் கப்பல் பட்டறை வேலை.
அப்பா போய் நாற்பது நாள்.
எஃகு ஆலை கொடுத்த வீடு, ஐந்தாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
உள்ளே பக்கவாதத்தில் அம்மா.
கூடவே ஒரு பெண்,
கையில் தெர்மாஸ், கட்டைவிரலில் சூடுபட்ட தழும்பு.
"இவங்க யாரு?"
"மாமா பொண்ணு," என்றான்,
மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பது போல.

கட்டம் ஏழு. பிள்ளைகள் எத்தனை?
எங்கள் எழுத்தில் ஒன்று என்பது
படுத்துக் கிடக்கும் ஒரு கோடு.
போட்டான்.
பேனாவை மூடவில்லை.
பிறகு அந்தக் கோட்டுக்கு மேலே
சின்னதாய் இன்னொரு கோடு.

மேலே இருப்பவள்தான் முதலில் பிறந்தவள்.
பெயர் தெங் சுன்யூ.
ஒன்றுக்குத்தான் அனுமதி;
அந்த ஒன்று பெண்ணாகப் போய்விட்டது.
பன்னிரண்டாம் நாள் ராத்திரி
பஞ்சு மெத்தையில் சுருட்டி
ஷியூயான் மலைப்பக்கம் தாய்மாமன் வீட்டுக்குக் கொண்டுபோய்
அவர் குடும்ப அட்டையில் ஏற்றினார்கள்.
பெற்றவளை அத்தை என்றே அழைத்து வளர்ந்தாள்.
புத்தாண்டுக்கு வருவாள்,
அத்தை செய்த கொழுக்கட்டை தின்பாள்,
மீதியை டப்பாவில் கட்டிக்கொண்டு திரும்பிவிடுவாள்.

"எனக்குப் பங்கு வேண்டாம்டா. அதை அடி."
"பங்குக்காக எழுதலை."

நான் விதியைச் சொன்னேன்.
இரண்டு என்றால் அத்தாட்சி வேண்டும்.
பிறப்புச் சீட்டில் வேறு தாய் பெயர்.
பிறந்த ஆஸ்பத்திரி இன்று முதியோர் இல்லம்;
பிரசவ அறையில் சக்கர நாற்காலிகளை அடுக்கியிருக்கிறார்கள்.
ரத்தம் சோதிக்கலாம், மூன்று மாதம் ஆகும்.
சொல்லிக்கொண்டே இரண்டு முகத்தையும் பார்த்தேன்.
ஒரே மூக்கு, ஒரே அச்சு.
மூக்கைக் கோப்பில் வைக்க விதி இல்லை.

பதினொன்றரை ஆனது.
சுன்யூவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.
இரண்டு மணிக்கொரு தரம்
புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும்.
பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டாள்.
"அவங்க காதுகிட்ட வைங்க...
அத்தை, அரை மணியில வந்துடறேன்."

ஜின்பெங் போனை வாங்கினான்.
"அம்மா."
தொண்டையைச் செருமிக்கொண்டான்.
"அக்கா வர்றா."

மறுமுனையில் தொலைக்காட்சி
நாளை பனி விழும் என்று சொல்லிக்கொண்டிருந்தது.
யாரோ அதன் சத்தத்தைக் குறைத்தார்கள்.