நாலு உணரிகள்

தவநேசனின் இடது முழங்காலுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று,
கெண்டைத் தசையில் இரண்டு.
தீப்பெட்டியில் பாதி அளவு. பற்றரி ஒன்பது மணித்தியாலம் நிற்கும்.
"உதுக்கும் ரிக்கற் போடவேணுமோ பிள்ளை?"
காற்சட்டையை இறக்கிவிட்டு
மிதிபலகையில் ஏறிவிட்டார்.

யாழ்ப்பாணம் – பருத்தித்துறை, 750.
இருபத்தாறு வருசமாய் எதையும் பிடிக்காமல் நிற்கிறவர்.
ஒரு கையில் காசு, மறு கையில் ரிக்கற் புத்தகம்,
பஸ் சாய்கிற பக்கத்துக்கு எதிரே இடுப்பு.
முழங்கால் நோகுதென்று வந்தவரைத்தான்
ஆய்வுக்குக் கேட்டேன்.

இரவில் வரைபுகளை விரித்து
போன் சொன்ன இடங்களோடு பொருத்தினேன்.
கோப்பாய் வளைவில் பதினேழு பாகை மடக்கம்.
நீர்வேலிக் குழியில்
முழங்கால் அதிர்ந்த பிறகுதான் தசை விழிக்கிறது.
அச்சுவேலியில் ஆரோ மூட்டை இறக்கியிருக்கவேண்டும்.
வல்லைவெளியில் காற்று பஸ்ஸைத் தள்ள
சுளகில் அரிசி துள்ளுவதுபோலச் சின்னச் சின்ன நடுக்கம்.

பாலம் தாண்டி ஓரிடத்தில்
தசை இறுகுகிறது.
குழி இல்லை, வளைவு இல்லை, பிரேக் இல்லை.
கால் இறங்கப் பார்த்து
இறங்காமல் விட்டதுபோல
அரைச் செக்கன்.
போகையிலும் வருகையிலும். ஆறு நாளும்.

"இரைச்சல். வடிகட்டிவிடு" என்றாள் டிலக்சி.

வடிகட்டியின் எல்லையை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.
போகவில்லை.

அவரிடமே கேட்டேன்.
"அதிலையோ? அதிலை ஒண்டும் இல்லையே."
பிறகு மிச்சக்காசை எண்ணிக்கொண்டே,
"முந்தி எல்லாரும் இறங்கி நடக்கிற இடம்.
கட்டை போட்டிருப்பாங்கள். இப்ப பத்தை."
அடுத்த ஆளிடம் கை நீட்டினார்.

ஏழாம் நாள் நானும் ஏறினேன், கடைசி இருக்கை.
பாலம் தாண்டியது.
பளீரென்ற மத்தியானம். சாரதி பாட்டை மாற்றினான்.
முன் வரிசையில் ஒருவர் பையை மடிக்கு இழுத்தார்.
யன்னலோரத்து அம்மா
கைப்பையின் சிப்பைத் தொட்டு, விட்டார்.
நரைத்த தலைகள் நாலைந்து, லேசாய், வாசல் பக்கம்.
ரியூசன் பிள்ளைகள் போனைப் பார்த்தபடி.
என்னிடம் இருந்தவை
நாலே நாலு உணரிகள்.

பின்னேரம் பிளாஸ்டரை உரிக்க
ரோமமும் சேர்ந்து வந்தது.
"ஆ!" என்று கத்தினார். "சரி, முழங்காலுக்கு என்ன வழி?"
சுவரில் முதுகைச் சாய்த்து, மெல்ல இருந்து எழும்புங்கோ,
ஒரு நாளைக்குப் பத்துத் தரம் என்றேன்.
"பஸ்ஸுக்குள்ளை சுவர் எங்கை பிள்ளை?"