ஓரக் குறிப்பு

படிவத்தின் நான்காம் கட்டத்தில்
'பாதிக்கப்பட்டவர் பெயர்' என்றிருக்கிறது.
சிலுவை என்று எழுதினேன்.
அடுத்தது வயது.
சுமார் அறுநூறு.

ஜனவரி பதினொன்று, விடியுமுன்,
சைலீசியாவில் ஒரு சாலை வளைவு.
பனி தள்ளும் லாரியில் வந்த ரொமுவால்ட்
வெள்ளைக்குள் வெள்ளையாய் நின்ற எதையோ
இடித்துவிட்டார்.
நாய் என்று நினைத்தாராம்.
இறங்கிப் பார்த்தால் முழங்கால் உயரக் கல்,
இடது கை இல்லாமல்.

கை பள்ளத்தில் கிடந்தது.
எடுத்துத் தன் கோட்டில் சுற்றிப்
பக்கத்து இருக்கையில் வைத்து
ஹீட்டரைக் கூட்டியிருக்கிறார்.
ஏன் என்று போலீஸ் கேட்டதற்குக்
குளிராக இருந்தது என்றார்.
இது எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை.
ஓரத்தில் எழுதினேன்.

கல்லின் நெஞ்சில் ஒரு கத்தரி செதுக்கியிருக்கும்,
ஆட்டு ரோமம் கத்தரிப்பது.
அதனால்தான் ஒருவன் இன்னொருவனைக் குத்தினான்.
ஊர் கூடித் தீர்த்த கணக்கு:
விதவைக்கு இத்தனை காசு,
கோயிலுக்கு இத்தனை ராத்தல் மெழுகு,
செத்த இடத்தில்
கொன்றவன் தன் கையால் நட வேண்டும் ஒரு கல்.
அவன் பெயர் ஏட்டில் இல்லை.
செத்தவன் பெயரும்.

அவர்கள் மொழி பேசியவர்களெல்லாம்
போர் முடிந்ததும் மூட்டை கட்டிப் போனார்கள்.
கிழக்கிலிருந்து வந்த சரக்கு ரயிலில்
ஒரு பசுவும் தையல் மிஷினும்,
மடிக்குழந்தையாக ரொமுவால்டின் அப்பாவும்.
பூட்டாத வீடு கிடைத்தது.
கரி ஆறாத அடுப்பு,
பாதி தோண்டிய உருளைக்கிழங்குப் பாத்தி,
வயல் முனையில் யாருடையதென்றே தெரியாத
ஒரு கொலை.
நவம்பர் வந்தால் அதற்கும் விளக்கேற்றினார்கள்.

இப்போது அது பாதுகாக்கப்பட்ட சின்னம்.
எண் உண்டு, பலகை உண்டு, அபராதம் உண்டு.
மனிதனைக் கொன்றதற்குக் கல் நட்டார்கள்,
கல்லை உடைத்ததற்கு மனிதனை
என்று தொடங்கிய வாக்கியத்தை அடித்துவிட்டேன்.
அலுவலகக் கடிதத்தில் இதெல்லாம் ஆகாது.

மே மாதம் ஒட்டினோம்.
எஃகு ஊசி, சுண்ணாம்புச் சாந்து.
ஒட்டு கண்ணுக்குத் தெரிய வேண்டும்,
உடையாதது போல நடிக்கக் கூடாது, அது விதி.
விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார் ரொமுவால்ட்.
யாரும் கூப்பிடவில்லை.
சாந்து இறுகும்வரை
அந்தக் கல் கையைத் தாங்கிப் பிடித்து நின்றார்,
நாற்பது நிமிடம்.
மாற்றிப் பிடிக்கிறேன் என்றேன்.
தலையை மட்டும் ஆட்டினார்.

அக்டோபரில் அந்த வழியே போனேன்.
கல்லுக்கு ஒரு முழம் தள்ளி
ஆளுயர ஆரஞ்சுக் கம்பு நட்டிருந்தது,
உச்சியில் ஒளி பட்டால் மின்னும் பட்டை.
சின்னத்தைச் சுற்றி இரண்டு மீட்டருக்குள்
எதுவும் நடக் கூடாது.
மீறினால் அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது,
என் மேசையின் இரண்டாம் இழுப்பறையில்.

இருக்கட்டும்.