பெயரற்ற நீர்நாய்

போர்வெனிரில் காற்று அடித்தால் படகு வராது.
படகு வராவிட்டால் ஈஸ்ட் வராது, தபால் வராது,
ஆய்வகத்துக்கு மார்ச்சிலேயே கேட்டிருந்த பியூரெட் வராது.
ஆகவே ஒரு பொதுக் கோப்பைத் திறந்து வைத்தேன்,
பதினோரு பிள்ளைகளும் ஒரே தாளில் எழுதட்டும் என்று.
இணைப்பு யார் கையில் இருக்கிறதோ அவர் வரலாம்.
பூட்டத் தெரியாமல் இல்லை. சோம்பல்.

பகலில் அது சந்தைக்கடை.
நினோஸ்கா சிவப்பில் எழுதுவாள், ஊரார் விடையையும் திருத்துவாள்.
டாமிர் சமன்பாட்டின் நடுவே ஒரு நண்டுப் படத்தை ஒட்டிவிட்டு
நானில்லை என்பான்,
ஓரத்தில் அவன் பெயர் மின்னிக்கொண்டிருக்கும்போதே.
நீரிணைக்கு அக்கரையில், புந்தா அரேனாசில்,
நாங்கள் நேரில் பார்த்திராத ஒரு வகுப்பு
தன் பியூரெட்டைக் கைப்பேசியில் பிடித்து அனுப்பும்:
சொட்டு, சொட்டு, சொட்டு,
இதோ இளஞ்சிவப்பு.
இங்கே கைதட்டல். கண்ணாடிக் குழாய்க்கு யாராவது கைதட்டுவார்களா?

இரவு இரண்டு மணிக்கு மேல் வேறு ஆள்.
உள்நுழையாமல் வருகிறவர்களுக்குக் கோப்பே
ஒரு விலங்கின் பெயரைச் சூட்டிவிடும்.
பெயரற்ற நீர்நாய்.
விரல் வைத்து வாசிப்பதுபோல் வரிவரியாக இறங்கும்.
ஒரு சொல்லும் எழுதாது.
நான் விடைத்தாள் திருத்துவதாகப் பேர்,
அந்தச் சின்னக் கோடு துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஓர் இரவு ஏழாம் கேள்வியின் கீழே,
உப்பு பனிக்கட்டியை எதுவரை கரைக்கும் என்ற இடத்தில்,
எல்லாரும் ஒரே பக்கத்திலிருந்து சுட்ட
'மைனஸ் இருபத்தொன்று' என்ற விடைக்கு அடியில்:
'எட்டுக்குக் கீழே போனாலே சுணங்கும்.
மேல்தளத்தில் மூட்டை மூட்டையாகக் கொட்டிப் பார்த்தாச்சு.
பனிக்கட்டி அப்படியே கிடக்கும்.'

எங்கள் ஸ்பானிய மொழியில் பனிக்கட்டியின் முன்னால்
ஓர் ஊமை எழுத்து நிற்கும்.
வாய் அதைச் சொல்லாது, கை எழுதியாக வேண்டும்.
அதை எப்போதும் விட்டுவிடுகிறவன்
என் வகுப்பில் ஒருவன்தான் இருக்கிறான்.
இருந்தான்.
ஜூலையில், ராட்சத நண்டுப் பருவம் தொடங்கிய வாரம்,
யெர்கோ மன்சியா படகேறிப் போனான்.
பதிவேட்டில் அவன் பெயர்மேல் கோடு போட்டது நான்தான்,
அளவுகோல் வைத்து.

மறுநாள் புத்தகத்துக்கும் நீர்நாய்க்கும் சண்டை.
பதினோரு வீட்டு உறைபெட்டிகளில் பதினோரு கிண்ணங்கள்.
டாமிரின் அம்மா என்னைத் தொலைபேசியில் திட்டினார்,
ஐஸ்கிரீம் உப்புக் கரிக்கிறதாம்.
படங்கள் வந்து விழுந்தன, அளவுகள் வந்து விழுந்தன.
உருகுவது ஒன்று, சீக்கிரம் உருகுவது வேறு என்று
நான் சொல்லாமலே யாரோ எழுதினார்கள்.

பிறகு இயக்குநரின் சுற்றறிக்கை:
வெள்ளிக்குள் எல்லாக் கோப்புகளும் பூட்டப்பட வேண்டும்.
அவர் சொன்னதில் தப்பில்லை.
பிள்ளைகள் இருக்கிற அறைக்குக் கதவு வேண்டும்.
முகவரிகளை ஒவ்வொன்றாக அடித்தேன்.
பதினொன்று.
யெர்கோவின் பள்ளி முகவரி இன்னும் உயிரோடிருந்தது,
நீக்க யாருக்கும் நினைவில்லை.
பன்னிரண்டு என்று காட்டியது திரை.
பூட்டினேன்.

ஒன்பது இரவுகள் யாரும் வரவில்லை.
புயல். படகுகள் எந்தக் குடாவில் ஒதுங்கினவோ,
அங்கே கோபுரம் இருந்ததோ இல்லையோ.
கடவுச்சொல்லை மறந்திருப்பான் என்றும் நினைத்தேன்,
கோபித்திருப்பான் என்றும்.

பத்தாம் இரவு நீர்நாய் இல்லை.
பச்சை வட்டத்துக்குள் ஒரு முதலெழுத்து.
வணக்கம் இல்லை, நன்றி இல்லை.
நேரே ஏழாம் கேள்விக்கு ஏறிப் போய்
தன் பழைய வரியில்
அந்த ஊமை எழுத்தைச் சேர்த்தான்.
பிறகு ஒன்பதாம் கேள்விக்கு இறங்கி
சமன்பாட்டைத் தப்பாகப் போட்டான்.

நான் கை வைக்கவில்லை.
காலையில் பார்த்தபோது அதன் கீழே சிவப்பில் இருந்தது:
'ஆக்சிஜனை மறுபடி எண்ணு, நீர்நாயே.'