எடை

எங்கள் சிறு விமானங்களில்
பெயருக்கு முன் எடையைக் கேட்பார்கள்.
கூச்சமில்லாமல் சொல்வோம்,
பூட்ஸோடு, பையோடு, மீன் பெட்டியோடு.
ஆற்றோர ஊர்களுக்கு அது போதும்.

ஆங்கரேஜ் போகும் ஜெட் வேறு ரகம்.
பெத்தேல் நிலையத்தில் அதன் வாசலில்
நீலச் சட்டையில் நிற்கும் பெக்லா நான்.
என்னைக் கடந்து போகிறவர்களில் பாதிப் பேர்
என் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள்.
"அட்டை" என்பேன்.
சித்தி முறையானவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டுவாள்.
படத்தை ஒரு நொடி, முகத்தை ஒரு நொடி.
தெரிந்த முகத்தைத் தெரியாததுபோல் பார்க்க
அரசாங்கம் எனக்குப் பயிற்சி கொடுத்தது,
இரண்டு வாரம், சாப்பாட்டுப் படியோடு.

செவ்வாய்க்கிழமை வசீலி வந்தான்.
மனைவிக்கு ஆங்கரேஜ் ஆஸ்பத்திரியில்
பிள்ளை பிறந்து இரண்டு நாள்.
அவளுக்காக ஒரு ஜாடி கடல்நாய் எண்ணெய்.
அட்டை இல்லை.

பட்டியலைச் சொல்ல வேண்டும். சொன்னேன்:
மூலையில் நட்சத்திரம் போட்ட ஓட்டுநர் உரிமம்,
பாஸ்போர்ட், ராணுவ அட்டை,
பழங்குடி மன்றத்தின் அட்டை, படத்தோடு.
'எனக்கு இவனைத் தெரியும்' என்பது
பட்டியலில் எங்கும் இல்லை.

மன்றத்து அச்சு இயந்திரம்
ஜனவரியிலிருந்து மை கேட்டுப் படுத்திருக்கிறது என்றான்.
அதுவும் எனக்குத் தெரியும்.

எனவே தொலைபேசி.
தூரத்து நகரத்திலிருந்து ஒரு குரல்:
ஆறு வருஷத்துக்கு முன் எந்தத் தெருவில் இருந்தார்?
எங்கள் ஊரில் தெரு கிடையாது,
சதுப்பின் மேல் பலகைப் பாதை.
எந்த நிறக் கார்?
பனிவண்டியின் நிறத்தைச் சொன்னான்.
குரல் ஏற்கவில்லை.
முகவரி?
தபால் பெட்டி எண்.
வரி போய் முகம் மட்டும் மிஞ்ச
என் எதிரே நின்றான்.

படிவத்தில் ஒரு கட்டம்: தொலைந்த விதம்.
கேட்க வேண்டியவள் நான்.
"எப்படித் தொலைந்தது?"
அவன் என்னைப் பார்த்தான்,
இரண்டு நொடிக்கு மேல்.
"ஆற்றில்" என்றான்.

நவம்பர். குஸ்கோக்விம் பாதிதான் உறைந்திருந்தது.
முன்னால் என் தம்பி இவோனின் வண்டி,
பின்னால் இவன்.
பனித்தளம் வாய் பிளந்தபோது
வயிற்றால் ஊர்ந்து போய்
தோள்வரை கையை விட்டு, பிறகு தானும் உள்ளே.
மேலே வந்தபோது
கையில் ஒரு கையுறை இருந்தது.
சட்டைப் பையில் பர்ஸ் இல்லை.

"தண்ணீரில் விழுந்தது" என்று எழுதினேன்.
கட்டம் அவ்வளவுதான் கொள்ளும்.

குரல் கடைசியாக நான்கு பெயர்களை வாசித்தது.
இவர்களில் யாரைத் தெரியும்?
மூன்றாவது இவோன்.
இருவர் பெயரிலும் ஒரு படகு
எங்கோ பதிவாகியிருந்ததாம், இன்னும்.
பதில் சொல்ல எனக்கு அனுமதியில்லை.
உதட்டைக் கடித்துக்கொண்டேன்.
"இவோனைத் தெரியும்" என்றான் வசீலி.
சரி, என்றது குரல். அவர் அவர்தான்.

"எண்ணெய் போகாது, வசீலி. அளவு மீறியது."
என் மேசையிலேயே வைத்தான்.
"நீ சாப்பிடு."
கோட்டைத் தாண்டியவன் திரும்பி,
"பெயர் வைத்துவிட்டோம்" என்றான்.
எந்தப் பெயர் என்று கேட்கவில்லை.
எங்களிடம் போனவரின் பெயர் வெறுமனே கிடக்காது.
அடுத்துப் பிறப்பவர் எடுத்துக்கொள்வார்,
பெயரோடு ஆளும் வந்துவிடுவார்.
பேர் சொல்ல ஒரு பிள்ளை இல்லாமல் போனானே என்று
குளிர்காலம் முழுக்க அம்மா சொன்ன வீட்டில்
நான் இனி ஒரு கைக்குழந்தையைத்
தம்பி என்று கூப்பிட வேண்டும்.

பின்னால் நின்றவர் நட்சத்திர அட்டையை நீட்டினார்.
பார்த்தேன். ஒன்று. இரண்டு.

அடுத்த வாரம் திரும்புவார்கள்.
பதினெட்டு வயதுக்குக் கீழே அட்டை வேண்டாம், விதியே அதுதான்.
யாரிடமும் எதையும் காட்டாமல்
தம்பி ஆங்கரேஜிலிருந்து வந்து இறங்குவான்.
இங்கிருந்து ஊருக்குச் சிறு விமானம்.
அங்கேதான் கேட்பார்கள்.
ஏழரை பவுண்டு என்பாள் அவள்,
போர்வையோடு.