பதினாலாம் திகதி இரவு

முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு
நான்தான் சம்பளம் அனுப்புகிறேன்.
மார்க்கத்தில், கண்ணாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில்,
பின்னேரம் நாலரைக்கு
ஒரு விசையைத் தட்டினால் போதும்.
விடியும்போது
களஞ்சியத்தில் பெட்டி தூக்கும் கென்னியின் கணக்கில்
அவனுடைய வாடகை வந்து குந்தியிருக்கும்.

என் கணக்கில் இன்றிரவு
நாற்பத்தொரு டொலர் பதினேழு சதம்.

தேனெடுத்தவன் புறங்கையை நக்குவான் என்பார்கள்.
இந்தத் தேன் வெறும் எண்.
கையில் ஒட்டாது.

ஃபிஞ்ச் பஸ்ஸில் யன்னலோரம் இருந்து
போனில் என் அட்டவணையைத் திறக்கிறேன்.
வாடகை: நிலக்கீழ் வீட்டில் என் பாதி, எண்ணூற்றைம்பது.
மற்றப் பாதி மயூரதியுடையது.
எப்போதும் மூன்று நாள் பிந்தித் தருவாள்,
மன்னிப்புக்குப் பதிலாக ஒரு மாலுபாணும் சேர்த்து.
படிப்புக் கடன், இருநூற்றுப் பதினெட்டு.
போன். பஸ் அட்டை.
யசோ அக்காவின் சீட்டுக்கு முந்நூறு;
பதினொரு மாதமாகக் கழிவு கேளாமல் காத்திருக்கிறேன்,
கடைசியில் எடுத்தால் முழுசாக வரும் என்று.

பிறகு ‘மற்றவை’.
இந்த மாதம் இருநூற்று அறுபத்து மூன்று.
எங்கே போனது என்று கேட்டால்
நானும் உங்களைப் போலத்தான், முழிப்பேன்.
கழிவு இருபத்திரண்டு பாகையில் பஸ் வராத இரவொன்று
வாடகைக் காருக்கு முப்பத்தெட்டு.
யாரோ ஒருத்தியின் பிறந்தநாள் மதியச் சாப்பாடு.
சமமாகப் பிரிப்போம் என்றார்கள்.
நான் குடித்தது தண்ணீர்.

போன கிழமை வங்கியில் ஒரு பெண்
நல்ல நகப்பூச்சு, நல்ல சிரிப்பு,
கோப்பியை வீட்டில் போடுங்கள் என்றாள்.
சிறு துளிதானாம் பெருவெள்ளம்.
தலையாட்டிவிட்டு வந்தேன்.

‘மற்றவை’க்கு வலப்பக்கம்
பெயரில்லாத ஒரு நிரல் இருக்கிறது.
அதை யாரும் பார்த்ததில்லை.

பக்கத்துக் கதிரை ப்ரெண்டன்.
எனக்குப் பிறகு வந்தவன்.
வரி அட்டவணையை அவனுக்குப் பழக்கியது நான்.
இன்னமும் விடுமுறைச் சம்பளம் கணக்கிட
என் பக்கம்தான் கதிரையை உருட்டுவான்.
நல்ல பெடியன், அதையும் சொல்ல வேண்டும்.
மாதம் இரண்டு தரம்
எண்பத்தெட்டாம் நிரையில் அவன் பெயரைத் தாண்டுகிறேன்.
என்னைவிட இருநூற்று முப்பத்தாறு டொலர் கூட.
பார்ப்பது என் வேலை.
பார்த்ததை ஞாபகம் வைத்திருப்பது குற்றம்;
கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

பத்தொன்பது மாதம். முப்பத்தெட்டுச் சம்பளம்.
எண்ணாயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தெட்டு.
படிப்புக் கடனில் இன்னும் கிடப்பது
எண்ணாயிரத்து நானூறு.

கோப்பி ஒன்று இரண்டு டொலர் முப்பது.
நாளுக்கு ஒன்றாகப் பத்து வருடம் எட்டு மாதம்
குடிக்காமல் இருந்தால்
அந்தப் பெயரில்லாத நிரலை மூடலாம்.
வங்கிப் பெண்ணிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

மிட்லண்ட் சந்தியில் சிவப்பு விளக்கு நீண்டது.
மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் தொடங்கினேன்.
முதற் சொல் ‘மன்னிக்கவும்’.
அழித்தேன்.
‘உங்களுக்கு நேரமிருந்தால்’ என்று தொடங்கினேன்.
அதையும்.
என் வேலைகளை வரிசையாக எழுதினேன்;
எழுத எழுத, சே, இவ்வளவா என்றிருந்தது.
எவ்வளவு வேண்டும் என்ற இடத்தில்
விரல் நின்றது.
இருநூற்று முப்பத்தாறு என்றால்
பிடிபட்டுப் போவேன்.
இருநூற்றைம்பது என்று போட்டு
அனுப்பினேன்.

அந்தப் பதினாலு டொலர்
இரகசியத்தைப் போர்த்த வாங்கிய துணி.
அதற்கும் நான் தகுதிதான்.

நிமிர்ந்தால், இறங்க வேண்டிய தரிப்பு போயிருந்தது.
இரண்டு தரிப்புத் தூரம் திரும்பி நடந்தேன்.
மார்ச்சிலும் பனி, வெட்கமில்லாமல்.
மயூரதியின் செய்தி வந்தது:
வாடகை வெள்ளிக்கிழமை, சத்தியமாக.
கடையில் நிக்கிறன், மாலுபாண் வேணுமா?

ரெண்டு, என்று எழுதினேன்.