நான்கு அங்குலம்

வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டுவிட்டு
கையுறையைக் கழற்றாமலே உட்கார்ந்திருக்கிறாள்
டெஸ்ஸா லுவோமா.
ஜன்னலுக்கு வெளியே நாலு மணிக்கே
கடையைக் கட்டிக்கொண்டிருக்கிறது
மினசோட்டாவின் டிசம்பர்.

திரையை அவள் பக்கம் திருப்புகிறேன்.
குறுக்கே பள்ளி மதிப்பெண், நெடுக்கே தேர்வு மதிப்பெண்.
இங்கிருந்து அந்தக் கல்லூரிக்கு
பதினாறு ஆண்டுகளில் விண்ணப்பித்தவர்கள்
இருபத்து மூன்று பேர்.
இருபத்திரண்டு சிவப்புப் பெருக்கல் குறிகள்.
ஒரு பச்சைப் புள்ளி.

மென்பொருளுக்குப் பெயர்கள் தெரியாது.
எனக்குத் தெரியும்.
வலது மேல் மூலையில்
பச்சையாகியிருக்க வேண்டிய இடத்தில்
சிவந்து கிடப்பது கோல்ட்டன்.
சுரங்கத்தில் லாரிகளுக்கு டயர் மாற்றுகிறான்,
ஒவ்வொரு டயரும் இந்த அறையின் உயரம்.
மளிகைக் கடையில் பார்த்தால் தலையசைப்பான்,
நிற்க மாட்டான்.
அவனிடம் நான் 'நிச்சயம்' என்று சொல்லியிருந்தேன்.
அதற்கப்புறம் அந்தச் சொல்லை
பனிப்பொழிவுக்குக்கூடச் சொன்னதில்லை.

பச்சைப் புள்ளி பிரின் ஹக்கலா.
போனாள், படித்தாள்,
கடல் இருக்கும் ஊரில் வேலை.
போனவள் திரும்பவில்லை என்று
அவள் அம்மாவுக்கு இன்னும் என்மேல் கோபம்.

டெஸ்ஸாவின் கோப்பு மெலிந்தது.
அறுபத்தொரு பேர் வகுப்பில் கணக்கில் முதல்.
விடிகாலை ஐந்துக்கு ஹாக்கி அரங்கில்
பனித்தளத்தை வழவழப்பாக்கும் வண்டியை ஓட்டுகிறாள்,
மணிக்குப் பதினொன்றரை டாலர்.
வயலின் இல்லை.
ஏழைகளுக்காகத் தொடங்கிய அறக்கட்டளை இல்லை;
இருந்தால் அவள் வீடுதான் முதல் பயனாளி.
அங்கே இதைத் திறப்பவருக்கு
எட்டு நிமிடம் இருக்கும்,
குளிர்ந்துபோன காபி இருக்கும்,
இதே மதிப்பெண்ணில் இன்னும் ஆயிரம் பேர் இருப்பார்கள்.
எட்டு நிமிடத்தில் அவருக்குத் தெரியாமல் போகலாம்,
அந்த வண்டியின் பழுதான பிரேக்கை
ஒரு பழைய கையேட்டைப் பார்த்து இவளே சரிசெய்தது.
நான் கடிதத்தில் எழுதியிருக்கிறேன்.
மூன்றாவது பத்தியில்.
மூன்றாவது பத்திவரை வருவார்களா?

"நூற்றுக்கு நான்கு" என்றேன்.

"நாலா?"
முதல்முறையாகச் சிரித்தாள்.
"நாலு அங்குலம் இருந்தால் ஆள் நடக்கலாம், மிசஸ் ப்ராட்டி."

இது அந்த நாலு இல்லையம்மா என்றேன்.

"தெரியும்" என்றாள்.
கணக்கில் முதலாக வந்தவளுக்கு
அலகு தெரியாதா.
பிறகு, கையுறையின் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு,
தன் சித்தப்பாவின் வண்டி
வெர்மிலியன் ஏரிக்குள் போன அன்று
பனியின் கனம் பதினான்கு அங்குலம் என்றாள்.
பன்னிரண்டே போதும் என்பார்கள்.
அடியில் ஒரு நீரோட்டம் இருந்திருக்கிறது,
மேலே நின்று அளந்த யாருக்கும் தெரியவில்லை.
"ஆள் வெளியே வந்துவிட்டார்.
வண்டிதான் இன்னும் உள்ளே."

அவள் எழுந்து போனபின்
நாற்காலிக்கடியில் இரண்டு காலணி அளவுக்குத் தண்ணீர்.

படிவத்தில் எனக்கு ஒரே ஒரு கேள்வி பாக்கி.
மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டால் இவர்:
சராசரிக்கு மேல், மிக நன்று,
என் பணிக்காலத்தில் சந்தித்தவர்களிலேயே சிறந்தவர்.
கடைசிக் கட்டத்தை
கோல்ட்டனுக்கும் குறியிட்டேன்.
பிரினுக்கும்.
சிறந்தவர் ஒருவராகத்தான் இருக்க முடியும் என்பது
படிவத்தை வடிவமைத்தவரின் இலக்கணம்;
அவர் இங்கே பத்தொன்பது குளிர்காலம் உட்கார்ந்ததில்லை.

குறியிட்டேன்.
சமர்ப்பித்தபின் திருத்த இயலாது, தொடரலாமா
என்று கேட்கிறது திரை.

கீழே வாகன நிறுத்தத்தில் விளக்கு எரியத் தொடங்குகிறது.
உறைந்து பளபளக்கும் நடைபாதையின் ஓரத்தில் நின்று
குதிகாலால் ஒருமுறை தட்டிப் பார்க்கிறாள்.
இரண்டாம் முறை தட்டவில்லை.

கதவில் யாரோ.
வேதியியலை விட்டு மரவேலை வகுப்புக்கு
மாற வேண்டுமாம்.
ஒரு நிமிடம், என்கிறேன்.